இரண்டு மில்லிமீட்டர் தாமதம்

என் பெட்டி இருபது கிலோ. அதில் என்னுடையது எட்டு. மீதிப் பன்னிரண்டும் கோவையில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த யாழ்ப்பாணத்து அம்மா தன் மகளுக்குக் கொடுத்தனுப்பியது. பன்னிரண்டில் பாதி வறுத்த மிளகாய்த்தூள். மற்றவை: புளி, நெத்திலிக் கருவாடு, இரண்டு சேலை, செய்தித்தாளில் சுற்றி நூலால் கட்டிய ஒரு ஜோடிக் குச்சி.

டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி மிளகாய்த்தூளைத் திறந்து மோந்து பார்த்தார். இரண்டு நிமிடம் தும்மிவிட்டு, இனி எதையும் மோந்து பார்ப்பதில்லை என்று முடிவு செய்தார். கருவாடு தப்பியது. குச்சிகளை மட்டும் வெளியே எடுத்தார்.

“இது எதற்கு?”

“அடிப்பதற்கு.”

“யாரை?”

மாலை வகுப்பில் படித்த ஜெர்மன் மொழியில் டிரம் என்ற சொல் அவசரத்துக்கு வரவில்லை. பெட்டி மேலேயே நாலு தட்டு தட்டிக் காட்டினேன். தலையை ஆட்டிப் போகச் சொன்னார். நான் தட்டியது சரியான இடைவெளியில் இருந்ததா என்று அவர் கேட்கவில்லை. அந்த வாரம் நான் பார்த்த மனிதர்களில் அதைப் பற்றிக் கவலைப்படாதவர் அவர் ஒருவர்தான்.

எண்பத்தாறாம் வருடம், இலை உதிரும் காலம். நான் கோவையில் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியின் சோதனைப் பிரிவில் இருந்தேன். பம்ப் ஓடும்போது எவ்வளவு நடுங்குகிறது என்று அளக்கும் கருவி ஒன்றைக் கம்பெனி ஜெர்மனியில் வாங்கியிருந்தது. அதைக் கற்றுக்கொண்டு வர வுப்பர்டால் நகரத்துக்கு ஒரு வாரம் அனுப்பினார்கள். பிரிவில் ஐந்து பேர், நால்வர் ஆண்கள். அவர்களில் மூவர் அங்கே சோறு கிடைக்காது என்று பயந்தார்கள். நான்காமவரிடம் பாஸ்போர்ட் இல்லை. இப்படித்தான் பெண்களுக்கு வாய்ப்புக் கொடுக்கும் கம்பெனி என்ற பெயரை எங்கள் கம்பெனி பெற்றது.

சோறு கிடைக்காது என்பது உண்மைதான். நான் தங்கிய விடுதியில் இரவு உணவைச் சூடாக்குவதைப் பெரும் பிழையாக நினைத்தார்கள். தட்டில் கறுப்பு ரொட்டி இரண்டு துண்டு, சீஸ் ஒரு துண்டு, வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய் ஒன்று. ரொட்டியை அறுக்கக் கொடுத்த கத்திக்குப் பல் இருந்தது. எங்கள் பட்டறையில் அதைவிடச் சின்ன ரம்பத்தால் இரும்புக் குழாய் அறுப்போம்.

திங்கட்கிழமை பயிற்சி முடிந்ததும் பார்சலைக் கொடுக்கக் கிளம்பினேன். வுப்பர்டாலில் ஆற்றுக்கு மேலே இரும்புக் கால்களை ஊன்றி, உயரத்தில் தண்டவாளம் போட்டு, ரயிலை அதிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் மனிதர்கள் தொங்குவார்கள். இங்கே மனிதர்கள் உட்கார்ந்திருக்க ரயில் தொங்குகிறது. வளைவில் பெட்டி ஒரு பக்கமாக ஆடியபோது நான் மட்டும் கம்பியைப் பிடித்தேன். எதிரே இருந்த கிழவர் பேப்பரின் பக்கத்தைப் புரட்டினார். இந்த ஆட்டத்தின் அளவு எவ்வளவு, யார் அனுமதித்தது என்று யோசித்துக்கொண்டிருந்ததில் இறங்கவேண்டிய நிலையம் போய்விட்டது. பன்னிரண்டு கிலோவோடு இரண்டு நிலையம் திரும்பி நடந்தேன்.

பவானி அக்கா வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்ததும் வணக்கம், பெயர், ஊர் எதுவும் கேட்கவில்லை.

“வாங்கோ தங்கச்சி. முகம் வாடிப் போச்சுது. என்ன, பாணும் சீஸுமோ தந்தவை?”

குளிர்பெட்டி மீனில் குழம்பு, புட்டு, சொதி. மூன்று முறை போட்டுக்கொண்டேன். அவர் கணவர் ஒரு ஹோட்டல் சமையலறையில் மாலை வேலைக்குப் போயிருந்தார். அக்கா பார்சலைப் பிரித்து ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார். மிளகாய்த்தூளை மோந்து, தும்மாமல், “அம்மா கொஞ்சம் கருக விட்டிட்டா” என்றார். பிறகு குச்சிகள் வந்தன. அக்கா அவற்றைப் பிரிக்காமல் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். “சீலன், உனக்கு.”

சீலன் அக்காவின் தம்பி. என் வயதுதான் இருக்கும். அகதிகளைத் தங்கவைத்திருக்கும் ‘ஹைம்’ ஒன்றில் ஆறு பேர் அறையில் இருந்தான். மாலையில் சாப்பிட இங்கே வருவான். நூலை அவிழ்த்தான், குச்சிகளின் நுனியை வெளிச்சத்தில் பார்த்தான், சட்டையின் உள்பைக்குள் வைத்தான், பாத்திரம் கழுவப் போய்விட்டான்.

“கொழும்பிலை பெரிய ஹோட்டல் ஒண்டிலை டிரம்ஸ் வாசிச்சவன்,” என்றார் அக்கா. “எண்பத்துமூண்டு ஜூலையோடை அதெல்லாம் போச்சு. அம்மா அண்டைக்கு இந்தக் குச்சியை மட்டும் சேலைக்குள்ளை சுத்தி எடுத்துக்கொண்டு ஓடினவ. நகை எடுக்க மறந்திட்டா.”

இரண்டு வருடமாக அவனுடைய அகதி விண்ணப்பம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதுவரை வேலை செய்யக்கூடாது. கடிதம் வாங்காமல் நகர எல்லையைத் தாண்டக்கூடாது. நான் பம்ப் விஷயமாக வந்தவள், எங்கே வேண்டுமானாலும் போகலாம். அவன் உயிர் தப்பி வந்தவன், அவனுக்கு எல்லைக்கோடு. அதிகாரிகளுக்குப் பம்ப்பின் மேல் நம்பிக்கை அதிகம்.

சம்பளமில்லாமல் டிரம்ஸ் அடிப்பதைத் தடை செய்ய மட்டும் யாரோ மறந்திருந்தார்கள். அந்த மறதியில்தான் அவனுக்கு ஒரு வழி கிடைத்திருந்தது. ஹெல்முட் என்று ஒரு ஜெர்மானியர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துபவர், வார இறுதியில் ஒரு நடன இசைக்குழுவும் நடத்தினார். அவர் ஆர்கன், மனைவி பாட்டு, ஒரு தச்சர் பேஸ் கிதார். எழுபதுகளில் அமெரிக்காவிலிருந்து வந்த, பாகு மாதிரி வழியும் சோல் காதல் பாட்டுகள்தான் அவர்களுடைய சரக்கு. கல்யாண வீடுகளில் ஜோடிகள் கட்டிக்கொண்டு ஆட அது வேண்டும். அவர்களுடைய டிரம்ஸ்காரர் ஊர் மாறிப் போய்விட்டார். சனிக்கிழமை ஒரு வெள்ளிவிழாக் கல்யாண விருந்தில் சீலனை வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் சீலனுக்கு இடம். இல்லையென்றால் டிரம்ஸ் அடிக்கத் தெரிந்த ஒரு கூரை போடுபவர் காத்திருந்தார்.

ஏற்கெனவே இரண்டு குழுக்கள் சீலனைக் கேட்டுப் பார்த்துவிட்டு, அடிப்பது போதவில்லை என்று அனுப்பிவிட்டன. வுப்பர்டாலில் வேறு குழு இல்லை. வேறு ஊருக்குப் போய்ப் பார்க்கவோ கடிதம் வேண்டும்.

“ஹெல்முட்டுக்கு இங்கிலிஷ் வராது, இவனுக்கு ஜெர்மன் வராது,” என்றார் அக்கா. “நீங்கள் வியாழக்கிழமை ஒருக்கால் கூடப் போவியளோ? கதைச்சு விட.”

“சரிங்க அக்கா,” என்றேன். ஜெர்மன் மொழியைப் பேசிப் பழகலாம் என்பது என் கணக்கு.

செவ்வாய்க்கிழமை மறுபடி அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது அங்கே அருளம்பலம் அண்ணை உட்கார்ந்திருந்தார். ஊர்த் தமிழர் சங்கத் தலைவர். டிரம்ஸ் அவரிடம்தான் இருந்தது. சங்கத்துக்கென்று வாங்கிய செட், ஒன்பது உருப்படி. சங்கத்தில் அடிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் பக்கத்து எசன் நகரத்துச் சங்கத்தில் இருந்தது ஏழு உருப்படிதான் என்பதை எனக்கு முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிட்டார்.

“எனக்கு நாலு போதும் அண்ணை,” என்றான் சீலன்.

“விசரே உனக்கு? ஒன்பதையும் கொண்டு போ. வெள்ளைக்காரன் பாக்கட்டும்.”

“அடிக்கிறது நாலுதான்.”

“அப்ப மிச்சம்?”

“மிச்சத்தை நீங்கள் பாத்துக்கொண்டிருங்கோ.”

அண்ணை என் பக்கம் திரும்பினார். “பிள்ளை, இவன் போன வருசம் எங்கடை கலைவிழாவிலை வாசிச்சவன். இரண்டு மணித்தியாலம். ஒரு சோலோ இல்லை. தலையை ஆட்டேல்லை. வேர்க்கேல்லை. சனம் என்னட்டை வந்து கேக்குது, அந்தப் பெடியனுக்குக் கையிலை ஏதும் சுகமில்லையோ எண்டு.”

சீலன் சிரிக்காமல் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தான். நானும் உள்ளுக்குள் அண்ணை பக்கம்தான். எங்கள் ஊர்க் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் வந்தால் கேன்டீனுக்குப் போகிறவர்கள்கூட, அது இல்லை என்றால் ஏமாந்துவிட்டதாகச் சொல்வார்கள்.

புதன்கிழமை நானே கேட்டேன், என்னதான் வாசிப்பீர்கள் என்று. சீலன் அறைக்குள் போய்ச் சாமான் கொண்டுவந்தான். கால் உதைக்க ஒரு பழைய சூட்கேஸ். வலது கைக்கு ஒரு பிஸ்கட் டப்பா. இடது கைக்கு வுப்பர்டால் டெலிபோன் டைரக்டரி. அக்காவின் காசெட் பெட்டியில் ஒரு பாட்டைப் போட்டான். யாரோ ஒரு கறுப்பினப் பாடகர் அவசரமே இல்லாமல் ஒரு பெண்ணைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

டப்பாவில் டிக் டிக் டிக் டிக். சூட்கேஸில் ஒரு தொம். டைரக்டரியில் ஒரு தப். அவ்வளவுதான். இடையில் இடது குச்சி டைரக்டரியைத் தொட்டும் தொடாமலும் எதையோ முணுமுணுத்தது. பாட்டு ஏறும் இடத்தில் இப்போது நொறுக்குவான் என்று காத்திருந்தேன். டப்பாவை லேசாக அழுத்தி ஒரு டிக்கை முழுங்கினான். அதுதான் உச்சக்கட்டம்.

“இவ்வளவுதானுங்களா?”

“இவ்வளவுதான்.”

“இதை யாரும் செய்யலாமே.”

“ஓம், செய்யலாம்,” என்றான். “ஹோட்டலிலை எங்கடை மாஸ்டர் சொல்லுவார், சாப்பிடுறவன்ரை கரண்டிச் சத்தம் எனக்குக் கேக்கவேணும் எண்டு. கேக்காட்டி நான் கூடுதலா அடிக்கிறன் எண்டு அர்த்தம்.”

இசை கேட்கத் தெரியாத ஒருத்திக்கு அளக்கவாவது தெரியவேண்டும். பாட்டு இல்லாமல் அவன் மட்டும் முப்பத்திரண்டு சுற்று வாசிக்க, வெறும் காசெட்டில் பதிந்துகொண்டேன். “உதவியா இருக்கும்,” என்றேன். யாருக்கு என்று அவன் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் பயிற்றுநர் சாப்பிடப் போனதும் காசெட்டை நடுக்கம் அளக்கும் கருவியோடு இணைத்தேன். விநாடிக்குப் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் தாள் ஓடும், முள் ஒவ்வொரு அதிர்வையும் கோடாகப் போடும். எட்டரை மீட்டர் தாள் வந்தது. ஒன்றரைப் புடவை நீளம். ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பிஸ்கட் டப்பா கச்சிதம். கடிகாரமே வாசித்த மாதிரி. சூட்கேஸும் அப்படியே. டைரக்டரியில்தான் பிரச்சினை. டப்பாவும் டைரக்டரியும் ஒன்றாக விழவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் டைரக்டரி இரண்டு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தது. அதாவது விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு தாமதம். அறுபத்துநாலு அடி, அறுபத்துநாலிலும் தாமதம்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குறை கண்டுபிடித்த எந்த எஞ்சினியருக்கும் இருக்கும் சந்தோஷம். பயிற்சியில் கொடுத்திருந்த குறை அறிக்கைப் படிவம் ஒன்றை எடுத்து ஜெர்மன் மொழியில் நிரப்பினேன். குறை: இடது கை அடி தாமதம். அளவு: இரண்டு மில்லிமீட்டர், மாறாதது. காரணம்: இடது மணிக்கட்டில் தளர்ச்சி. திருத்தம்: பயிற்சி. கையெழுத்திட்டுத் தேதி போட்டேன். பம்ப்பாக இருந்தால் காரணம் என்ற இடத்தில் இணைப்புத் தளர்வு என்று எழுதியிருப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

மாலை தொங்கு ரயிலில் சீலனிடம் தாளைக் காட்டினேன். மடியில் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துப் பார்த்தான்.

“எல்லா இடத்திலையும் இரண்டு மில்லிமீற்றரோ?”

“அறுபத்துநாலு இடத்திலயுமுங்க.”

“ஒரு இடத்திலையும் கூடேல்லை, குறையேல்லை?”

“இல்லைங்க.”

நான் வந்து நாலு நாளில் முதல்முறையாகச் சிரித்தான். தாளைக் கவனமாகச் சுருட்டித் திருப்பித் தந்தான். குறையை ஒத்துக்கொண்டுவிட்டான், திருத்திக்கொள்வான் என்று நினைத்தேன். நான் நன்றாகப் படித்தவள் என்பதை வாசகர் மறக்கக்கூடாது.

ஒத்திகை, கார்ப் பள்ளியின் வகுப்பறையில். சுவரெல்லாம் போக்குவரத்துச் சின்னங்கள். முந்தைய டிரம்ஸ்காரரின் பழைய டிரம் ஒன்று, தாளத்தட்டு ஒன்று இரண்டு அங்கேயே கிடந்தன. மூன்று பாட்டு வாசித்தார்கள். ஹெல்முட் கண்ணை மூடிக்கொண்டு ஆர்கன் வாசித்தார். அவர் மனைவி இரண்டாவது பாட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாடினார். மூன்றாவது முடிந்ததும் ஹெல்முட் என்னிடம், “நன்றாக இருக்கிறது. இவர் எங்கேயோ இருக்கிறார், ஆனால் தெரியவில்லை. அதுதான் வேண்டும் என்று சொல்லுங்கள்,” என்றார்.

இந்த இடத்தில் நான் பேசாமல் வீட்டுக்கு வந்திருக்கலாம்.

“இன்னும் நன்றாக ஆக்கலாம்,” என்று ஃபைலைத் திறந்தேன்.

ஜெர்மனியில் ஒரு மனிதர் வாயால் சொல்வதற்கு எதிர்வாதம் உண்டு. கையெழுத்துப் போட்ட தாளுக்குக் கிடையாது. ஹெல்முட் எட்டரை மீட்டரையும் வகுப்பறைத் தரையில் விரித்து, மண்டியிட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஸ்கேலோடு போனார். தச்சரும் தன் பங்குக்கு ஒரு மடக்கு அளவுகோலை எடுத்தார். எழுந்தபோது அவர்கள் வேறு இரண்டு மனிதர்களாகியிருந்தார்கள்.

“தாமதம்,” என்றார் ஹெல்முட்.

“மாறாத தாமதம்,” என்றேன், சீலனுக்குச் சாதகமாக.

“மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை இவ்வளவு தாமதமாக மிதித்தால் அரை மீட்டருக்கு மேல். முன்னால் போகும் காரில் ஒரு குடும்பம் இருக்கிறது.”

“இது பாட்டு,” என்றார் அவர் மனைவி.

“இது அளவு,” என்றார் ஹெல்முட். சனிக்கிழமைக்குள் சரி செய்யவேண்டும், இல்லாவிட்டால் கூரைக்காரர் தயாராக இருக்கிறார் என்று சீலனிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். என் ஜெர்மன் அன்று மிகத் தெளிவாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அக்கா புட்டு வைத்தார், சொதி ஊற்றவில்லை. “படிச்ச பிள்ளை எண்டுதான் உங்களை அனுப்பினனான்,” என்று மட்டும் சொன்னார். காய்ந்த புட்டைத் தண்ணீர் குடித்து இறக்கினேன். சீலன் குச்சிகளை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

“அவர் நேரா அடிக்கச் சொன்னால் நேரா அடிக்கிறன் அக்கா. உதுக்கென்ன.”

“உங்களால அடிக்க முடியுமுங்களா?” என்றேன்.

“இஞ்சினியர், நேரா அடிக்கத் தெரியாதவன் ஒரே அளவிலை பிந்தி அடிப்பானோ?”

அந்தக் கேள்வி படிவத்தில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

“அப்புறம் ஏன் பிந்தறீங்க?”

துடைத்த குச்சியை மடியில் வைத்தான். “பாடுறவன் மூச்சு விடமுந்தி நான் அடிச்சால் அவன்ரை மண்டையிலை அடிச்ச மாதிரி. விட்டாப் பிறகு அடிச்சால் தோளிலை தட்டின மாதிரி. எவ்வளவு பிறகு எண்டு எனக்குத் தெரியாது. நீங்கள்தான் அளந்து சொன்னனீங்கள்.” பிறகு அக்காவைப் பார்த்து, “அவவுக்குச் சொதி விடு. நாளைக்கும் அவதான் கதைக்கவேணும்,” என்றான்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு விருந்து. வாசலில் அருளம்பலம் அண்ணையின் வான் நின்றது. ஒன்பது உருப்படியும் வந்திருந்தன. சீலன் நாலை எடுத்து மேடையில் வைத்தான். மீதி ஐந்தும் கோட்டு மாட்டும் இடத்தில் வரிசையாக நிற்க, அவற்றுக்குக் காவலாக அண்ணை ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“இவ்வளவையும் நான் ஏத்தி இறக்கினது கோட்டுக்குப் பக்கத்திலை வைக்கவோ?”

மேசைகளில் காப்பி, மூன்று அடுக்குக் கேக், உருளைக்கிழங்கு சாலட். விருந்தினர் எண்பது பேர் இருப்பார்கள். ஜெர்மானியக் கல்யாண வீட்டில் யாரும் யாரையும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவதில்லை. சாப்பிடாமல் போனால் கோபித்துக்கொள்வதுமில்லை. எங்கள் ஊரில் இப்படி ஒரு வீடு இருந்தால் மூன்று தலைமுறைக்கு அதைப் பற்றிப் பேசுவார்கள்.

முதல் பகுதியில் ஆறு பாட்டு. சீலன் சொன்னபடி நேராக அடித்தான். தப்பும் டிக்கும் ஒன்றன் மேல் ஒன்று ஒட்டிவைத்த மாதிரி விழுந்தன. ஸ்கேல் வைத்தால் ஒரு முடி நுழையாது. குறையே இல்லை. யாரும் எழுந்து ஆடவும் இல்லை.

முதல் பாட்டில் வெள்ளிவிழாத் தம்பதி மரியாதைக்கு ஒரு சுற்றுப் போய்விட்டு உட்கார்ந்தார்கள். இரண்டாவதில் ஒரு ஜோடி எழுந்து, நாலு அடி வைத்து, ஏதோ மறந்துவிட்டவர்கள்போல் கேக் பக்கம் போனார்கள். மூன்றாவதில் பேச்சுச் சத்தம் கூடியது. நாலாவதில் ஒருவர் பன்றித் தொடையை அறுக்க ஆரம்பித்தார். ஹெல்முட்டின் மனைவி செருப்பைக் கழற்றவில்லை. ஒவ்வொரு வரி முடிவிலும் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுவதுபோல் அடுத்த வரிக்குள் விழுந்தார். அதே பாட்டுகள், அதே நாலு பேர். இசை தெரியாத எனக்கே தெரிந்தது, ஒரு கூடம் நிறைய மனிதர்கள் எதற்கோ காத்திருக்கிறார்கள், அது வருவதற்கு ஐம்பதில் ஒரு பங்கு விநாடிகூட இடமில்லை.

இடைவேளையில் ஹெல்முட் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி வந்தார்.

“திருத்திவிட்டார்.”

“ஆமாம்.”

“ஆனாலும் யாரும் ஆடவில்லை. கூரைக்காரருக்கு டெலிபோன் செய்யலாமா என்று பார்க்கிறேன்.”

வியாழக்கிழமை வாசித்த மாதிரியே வாசிக்கட்டும் என்றேன். அவர் வருத்தத்தோடு கையை விரித்தார். “தாளில் குறை என்று இருக்கிறதே.”

நான் அந்த மனிதரோடு வாதாடவில்லை. அவருடைய மதம் எதுவென்று எனக்குத் தெரிந்திருந்தது, நானும் அதே மதம்தான். “அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது,” என்றேன். “அளவில் இல்லை. தலைப்பில்.”

அவர் முகம் தெளிந்தது. தாளில் பிழை என்பது அவருக்குப் புரிகிற விஷயம். ஃபைலை எடுத்தேன். அந்த நாட்டில் ஒரு சொல்லைக் கிறுக்கி அழிக்கக்கூடாது. நேர்க்கோடாக ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடவேண்டும். ஸ்கேல் விடுதியில் இருந்தது. ஹெல்முட் ஓடிப்போய்க் கேக் கத்தியைத் துடைத்துக் கொண்டுவந்தார். அதை வைத்துக் கோடு போட்டேன்.

குறை என்பதை அடித்துவிட்டு, ‘சோல்வேர்ட்’ என்று எழுதினேன். இயந்திரம் எந்த அளவில் இருக்கவேண்டும் என்று வடிவமைத்தவர் நிர்ணயித்தாரோ அந்த அளவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். மணிக்கட்டுத் தளர்ச்சியை அடித்துவிட்டு, பாடகரின் மூச்சு. பயிற்சியை அடித்துவிட்டு, தேவையில்லை. மூன்று கையெழுத்து, மூன்று தேதி. ஓரத்தில் கொஞ்சம் க்ரீம் ஒட்டியது.

ஹெல்முட் இரண்டு முறை படித்தார். “அப்படியானால் இன்று அவர் அளவிலிருந்து விலகி வாசிக்கிறார்.”

“இரண்டு மில்லிமீட்டர்.”

“உடனே சரி செய்யச் சொல்லுங்கள்.”

மேடைக்குப் போனேன். சீலன் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“பேப்பரிலை மாத்தியாச்சோ?”

“ஓம்,” என்றேன்.

இரண்டாம் பகுதி முதல் பாட்டில் அவன் செய்ததைச் சொல்ல ஒன்றுமில்லை. டிக் டிக், ஒரு தொம், கொஞ்சம் பொறுத்து ஒரு தப். ஹெல்முட்டின் மனைவி செருப்பைக் கழற்றினார். இரண்டாவது வரி முடிவதற்குள் பன்றித் தொடை அறுத்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மனைவியைத் தேடினார். வெள்ளிவிழா மாப்பிள்ளை இருபத்தைந்து வருடமாகப் பழகிய இடுப்பைப் புதிதாகப் பிடிப்பதுபோல் பிடித்தார். மூன்றாவது பாட்டில் கூடத்தின் நடுவே நடக்க இடமில்லை. மேடையைப் பார்த்தவர் யாருமில்லை. எல்லோரும் அவனுடைய தாளத்தில் அசைந்தார்கள், அவன் ஒருவன் அங்கே இருப்பதே தெரியாமல். அந்த ஆட்டத்துக்கு நடுவிலும் எங்கோ ஒரு காப்பிக் கோப்பையில் கரண்டி படும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

பருமனான ஓர் அம்மாள் கோட்டு எடுக்க வந்து, அங்கே உட்கார்ந்திருந்த அருளம்பலம் அண்ணையைப் பார்த்துக் கையை நீட்டினார். அண்ணை ஐந்து உருப்படியையும் அநாதையாக விட்டுவிட்டு எழுந்து போனார். மூன்று பாட்டு ஆடினார். நெற்றியெல்லாம் வியர்வையோடு திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பாத்தியே பிள்ளை, கடைசிவரை ஒரு சோலோ இல்லை. அவன் சும்மா டிக் டிக் எண்டு கொண்டிருந்தான். தாளத்தை நான்தான் பிடிச்சு ஆடினன்.”

ஆறு மணிக்கு ஹெல்முட் சீலனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த சனிக்கிழமை எசன், அதற்கடுத்தது டுசல்டோர்ஃப் என்றார். மொழிபெயர்த்தேன். சீலனின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குச்சிகளை உள்பைக்குள் வைக்கப் போனவன் தவறவிட்டான். குனிந்து எடுத்து மறுபடி வைத்தான். இரண்டு ஊரும் எல்லைக்கு அந்தப் பக்கம், கடிதம் வேண்டும் என்று சொல்லச் சொன்னான். “அன்ட்ராக்கா?” என்று ஹெல்முட் கண் மின்னக் கேட்டார். விண்ணப்பம் என்ற சொல்லே அந்த மனிதருக்கு உற்சாகம் தந்தது. திங்கட்கிழமை தானே எடுத்துக்கொண்டு போவதாகவும், இணைப்புக்கு என் தாள் வேண்டும் என்றும் கேட்டார். கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறினேன். திரும்பும்போது பெட்டி எட்டுக் கிலோ.

கோவையில் மேலாளர் அளவிலிருந்து விலகிய பம்ப்புகளின் பட்டியலைக் கேட்டார். விலகல் மாறாமல் இருந்தால் அதைக் குறை என்று எழுதுவதற்கு முன் வடிவமைத்தவரைக் கேட்கவேண்டும் என்றேன். ஜெர்மனி போய் வந்ததிலிருந்து இந்தப் பெண் குழப்புகிறாள் என்று என் கோப்பில் குறித்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து அக்காவின் கடிதம் மாடிக்கு வந்தது. யாழ்ப்பாணத்து அம்மா எனக்குப் படித்துக் காட்டினார். ஹெல்முட் அலுவலகத்தில் எட்டரை மீட்டரையும் விரித்தாராம், வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்களாம். அதிகாரி இது எதற்கு என்று கேட்க, எப்போதும் ஒரே அளவில் வருகிற மனிதர் என்பதற்கு அத்தாட்சி, சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருவார் என்று ஹெல்முட் சொன்னாராம். அதிகாரி படிவத்தின் மூன்று திருத்தங்களையும் சரிபார்த்து, தாளின் இரண்டு முனையிலும் முத்திரை குத்தினாராம்.

அனுமதி கிடைத்துவிட்டது. ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் தனித்தனியாகக் கேட்கவேண்டும். இரவு எட்டு மணிக்குள் ஹைமுக்குத் திரும்பிவிடவேண்டும், எந்தத் தாமதமும் ஏற்கப்படாது என்று அடியில் எழுதியிருக்கிறார்களாம்.

கடைசி வரி எனக்கு. சீலன், இஞ்சினியரைக் கேட்டு எழுதச் சொன்னானாம்: இரண்டு மில்லிமீற்றரும் ஏலாதோ?